சாமிக்கு விட்டது

என் வீட்டுக்காரர் என்னை ‘நீங்க’ என்று அழைக்கத் தொடங்கியது ஓர் ஆவணி மாதத்தில். அதற்கு முன் பதினான்கு வருடம் ‘ஏ’, ‘இந்தா’, ‘இன்னாடி’ என்ற மூன்றில் ஒன்றுதான் என் பெயர். அன்று காலை சாமைக் கஞ்சியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கதவோரம் நின்று, “சாப்டீங்களா?” என்று கேட்டார். எனக்குப் பின்னால் யாராவது பெரிய மனுஷி வந்து நிற்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

மலையில், புதூர்நாட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் எனக்கு அங்கன்வாடி வேலை. நான் மலையில் பிறந்தவள் அல்ல. கீழே, திருப்பத்தூர் பக்கம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாவிட்டால் சோறு கிடைக்காத வீட்டில் பிறந்தேன். பிள்ளைகள் விடுதி ஒன்றில் வார்டன் வேலை கிடைத்து மலை ஏறினேன். அந்த விடுதிக்குச் சாமையும் புளியும் கொண்டுவந்து போட்டவர்தான் இவர். அதிகம் பேச மாட்டார். மூட்டையை இறக்கிவிட்டு, சிந்திய தானியத்தைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். அதைப் பார்த்தே எனக்குப் பிடித்துப்போனது. கட்டினால் இவரைத்தான் என்று நின்றேன். ஆயரிடம் அனுமதி வாங்கி, எங்கள் பங்குக் கோயிலிலேயே கல்யாணம் நடந்தது. அவர் தன் சாமியை விடவில்லை. நான் விடச் சொல்லவும் இல்லை.

மூன்று முறை உண்டானேன். மூன்றும் தங்கவில்லை. கடைசியது ஆறாம் மாதம். ஜீப்பில், வளைவுக்கு வளைவு அவர் என் தலையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இனி உண்டாக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளை எடை போட்டு, சத்துமாவு கொடுத்து, படம் எடுத்து, சிக்னல் கிடைக்கும் பாறை வரை நடந்து போய்ப் போனில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருவேன். வீடு வெறிச்சென்று கிடக்கும். எனக்கு அந்த வெறுமை மேல் கோபம் கோபமாக வரும். பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அது இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

அந்தச் சமயத்தில்தான் பங்குக் கோயிலில் மூன்றாம் சபையைப் பற்றிச் சொன்னார்கள். மூன்றாம் சபை என்றால் கன்னியர் மடத்துக்குப் போவது அல்ல. கல்யாணம் ஆனவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒரு துறவு சபையின் ஒழுங்கைத் தங்களால் முடிந்த அளவு கைக்கொள்வது. காலையும் மாலையும் திருப்பாடல் சொல்லிச் செபிக்க வேண்டும். எளிமையாக இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு கீழே டவுனில் கூட்டத்துக்கு வர வேண்டும். முதல் வருடம் சும்மா வந்து பார்க்கலாம், பிறகு பயிற்சிக் காலம், கடைசியில் பீடத்தின் முன்னால் வாக்குறுதி கொடுத்து கழுத்தில் உத்தரியம் என்கிற பழுப்புத் துணியைப் போட்டுக்கொள்ளலாம். அதுவரை, இது ஆண்டவருடைய அழைப்புத்தானா, இல்லை நம்முடைய ஆசையா என்று அவரவர் தேர்ந்து தெளிய வேண்டும்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓய்வு பெற்ற டீச்சரம்மா. முதல் நாளே என்னைப் பார்த்து, “ஆண்டவர் உன்னிடம் என்ன கேட்கிறார்?” என்றார். டீச்சரம்மா பேசுவது எப்போதும் புத்தகத் தமிழ்தான். நான் அழுதுவிட்டேன். அழைப்பு ஏதோ வந்துவிட்டது என்று கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மை வேறு. வருடக்கணக்காக எல்லாரும் என்னிடம், ‘இன்னும் ஒண்ணும் இல்லியா?’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு ஒரு கேள்வி கேட்டதே போதுமானதாக இருந்தது.

இன்று வரை எனக்கு எந்தக் குரலும் கேட்டதில்லை. செபப் புத்தகத்தை எடுத்தால் எழுத்து எழுத்தாகத்தான் இருக்கும். ஆனால் மாலை ஆறு மணிக்கு ஒரு மெழுகுவத்தியை ஏற்றி உட்கார்ந்தால், வெறுமையாக இருந்த அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதை அழைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது வீட்டில் ஒரு கிடா இருந்தது. நாத்தனார் பிள்ளைக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது இவர் தங்கள் அம்மனுக்கு நேர்ந்து விட்டது. மலையில் நேர்ந்து விட்ட கிடாவை யாரும் கட்ட மாட்டார்கள், விரட்ட மாட்டார்கள். அது என் அவரைப் பந்தலை மொட்டையடித்துவிட்டு, மிராசுதார் மாதிரி முற்றத்தில் அசை போட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் தாங்காமல் துடைப்பத்தால் ஒரு போடு போட்டேன். அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

“அது நம்முது இல்ல,” என்றார். “நம்ம வூட்ல இருக்குது, அவ்ளோதான்.”

பயிற்சிக் காலத்தில் சேர வேண்டுமானால், கல்யாணம் ஆனவர்கள் துணையின் சம்மதக் கடிதம் கொண்டுவர வேண்டும். அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். ‘என் மனைவி தன்னை இறைவனுக்கு அர்ப்பணிக்க நான் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்’ என்று இருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு. அதை நான் பள்ளிக்கூடத்து டி.சி. தாளைப் போலத்தான் பார்த்தேன். ஒரு மாதம் பையிலேயே வைத்திருந்து, கூட்டத்துக்குப் போகும் காலையில், ஜீப் மேட்டில் நின்று ஹாரன் அடிக்கும்போது நீட்டினேன்.

அவர் ஐந்தாவது வரை படித்தவர். விரலை வைத்து ஒரு வார்த்தை விடாமல் படித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என்னவென்று கேட்டார். என்னைச் சாமிக்குக் கொடுக்கச் சம்மதம் என்று எழுதியிருக்கிறது, போடுங்கள் என்றேன்.

“முழுசாவா?” என்று கேட்டார்.

“சாமிக்கு அரகொறையாவா குடுப்பாங்க? சீக்கிரம் போடுங்க, ஜீப்பு போய்டும்.”

பேனாவை உதறி உதறி, கோட்டுக்கு மேல் தன் பெயரை முழுதாக எழுதினார். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தேனா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பார்க்கவில்லை.

மறுவாரத்திலிருந்து ‘நீங்க’ வந்தது. பிறகு அவர் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் சாமை மூட்டை வைக்கும் கொட்டாய்க்குப் போனார். எலி வருகிறது, காவல் வேண்டும் என்றார். எலி வந்ததும் உண்மைதான். என் தட்டில் மிச்சம் இருப்பதை எடுத்துச் சாப்பிடுகிற பழக்கம் நின்றது. தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே சுமந்தார். நான் பாத்திரத்தை எறிந்தாலும் முகம் சுளிக்கவில்லை. மாலை ஆறு மணி ஆனால் டிவியை நிறுத்திவிட்டு, நாயையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஊர்ப் பெண்களும் மாறினார்கள். என் இடுப்பைக் கிள்ளி வம்பு பேசுகிறவர்கள், நான் போனால் எழுந்து இடம் விட்டார்கள். வயசுக்கும் வேலைக்கும் கொடுக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பெண்ணாகப் பிறந்தவளுக்குப் புருஷன் விலகிப்போவது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரிந்தது. ஆனால் எனக்கு அதற்கு விளக்கம் தயாராக இருந்தது. பயிற்சியில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டவர் தம் வாழ்வில் செய்வதைக் குறித்து ஒரு நோட்டு எழுத வேண்டும். அதில் நான் எழுதினேன்: ‘ஆண்டவர் என் வீட்டை அமைதியாக்கினார். என் கணவரின் மனதைத் தொட்டார். எனக்குத் தனிமை தந்தார். இது அவருடைய அழைப்பின் அடையாளம்.’ டீச்சரம்மா அதைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த அம்மா, தன் வீட்டுக்காரர் மனதையும் ஆண்டவர் இப்படித் தொட வேண்டும் என்று என்னை வேண்டிக்கொள்ளச் சொன்னார். நானும் வேண்டிக்கொண்டேன். அந்தத் தம்பதி நன்றாக இருக்கட்டும்.

மாசியில் நாத்தனார் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். கிடா வெட்டு நேர்த்திக்கடனும் அன்றைக்கேதான். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைப்பது வழக்கம். அதற்கு முன் மாமனும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்து சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டும். நான் புதுப்புடவை கட்டி, தட்டில் சட்டையும் வாழைப்பழமும் வெல்லமும் அடுக்கி, தூக்கப் போனேன். நாத்தனார் ஓடிவந்து என் கையைத் தொடாமலேயே தட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். அவர் தனியாகத் தட்டோடு நடந்தார். இருநூறு பேர் பார்க்க, ஒற்றை ஆளாக. பெண்டாட்டி செத்தவன் நடப்பது மாதிரி.

நான் நாத்தனாரைப் பின்பக்கம் இழுத்துப்போய், இது என்ன அவமானம் என்று கேட்டேன். அவள் பயந்துபோனாள்.

“நீங்க தூக்கக் கூடாதுங்க,” என்றாள். “அண்ணன்தான் உங்கள உங்க சாமிக்கு வுட்டுட்டாரே. ஆவணியிலயே ஊருக்கு முன்னால சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. ஊரில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அந்தப் பக்கம் கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தெளித்ததும் அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் சம்மதம் என்று அர்த்தம். துலுக்கும் வரை வெட்ட மாட்டார்கள், காத்திருப்பார்கள். என் அவரைப் பந்தலைத் தின்ற கிடா அன்றைக்கு வெகுநேரம் துலுக்காமல் நின்றது. அதைக் கேட்கவாவது கேட்டார்களே என்று நினைத்தேன். பிறகு உறைத்தது. என்னை யார் கேட்க வேண்டும்? நான்தான் கையில் தாளை வைத்துக்கொண்டு நானாகவே போய் நின்றேன்.

நான்கைந்து நாள் கழித்து அவர் புளி உலுக்கப் போயிருந்த இடத்துக்குப் போனேன். மரத்திலிருந்து இறங்கி வந்து, எனக்கு உட்காரத் துண்டை விரித்துப் போட்டார். நான் உட்காரவில்லை. கத்தினேன். அது வீட்டில் இருந்துகொண்டே செபம் செய்கிற சபை, புருஷனை விடச் சொல்கிற சபை இல்லை, சமைத்துப்போட்டு, சண்டை போட்டு, எல்லாம் முன்பு போலத்தான் என்றேன். வெறும் தாள்தானே என்றேன். அவர் உதிர்ந்த புளியம்பழத்தைக் கையால் ஒதுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“முழுசாவான்னு நான் கேட்டேனுங்க,” என்றார். “அரகொறையா குடுப்பாங்களான்னு நீங்கதான் சொன்னீங்க.”

அவர் தாளைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அதில் இருந்ததை இருந்தபடியே எடுத்துக்கொண்டார். தப்பாகப் புரிந்துகொண்டவள் நான்தான்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் ஊரில் சொன்னீர்கள் என்று கேட்டேன். கையெழுத்துப் போட்ட அன்றே கீழே வந்து எங்கள் கோயிலில்தான் சொல்ல நினைத்தாராம். அடுத்த ஜீப் கிடைக்கவில்லை. அதனால் தங்கள் அம்மனையே சாட்சி வைத்துச் சொல்லிவிட்டாராம். எந்தச் சாமி முன்னால் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான் என்றார். பிறகு குனிந்து புளியம்பழத்தைப் பொறுக்கத் தொடங்கினார். நான் போய்விடலாம் என்று திரும்பியபோதுதான் அதைச் சொன்னார்.

“உங்க சாமிக்குச் சேர வேண்டியத நான் கட்டிக்கினு வந்துட்டேன். அதான் மூணும் தங்கல. ஜீப்புல உங்க தலைய மடில வச்சிக்கினு வரும்போதே எனக்குத் தெரியும். அப்பவே உட்டிருக்கணும். மனசு வரல.”

அந்த மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் இரண்டடி தள்ளி நின்றார். என் தோளைத் தொட அவர் கை ஒருமுறை வந்தது. பாதியில் திரும்பிப் போய்விட்டது. ஆறு வருடமாக அவருக்குள் அந்த நினைப்பு இருந்திருக்கிறது. நானோ அவர் பேசாமல் இருப்பதற்கெல்லாம் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். ஆண்டவர் என்னிடம் என்ன கேட்கிறார் என்று மாதாமாதம் ஜீப் ஏறிப் போய்த் தேடியவள், பக்கத்தில் படுத்திருந்தவரிடம் என்ன என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

பங்குத்தந்தையிடம் போனேன். இளைஞர், நல்லவர். திருச்சபைச் சட்டப்படி இதெல்லாம் செல்லவே செல்லாது, நீங்கள் இன்றும் அவருடைய மனைவிதான் என்றார். அதைச் சொல்ல பைக்கிலேயே மலை ஏறி வந்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு முழுதும் கேட்டார். சரிங்க ஃபாதர், சரிங்க ஃபாதர் என்றார். போகும்போது இரண்டு படி சாமையும் ஒரு பாட்டில் தேனும் பைக்கில் கட்டிவிட்டார். அன்று மாலையும் ஆறு மணிக்கு டிவியை நிறுத்தினார். பாய் கொட்டாயிலேயே கிடந்தது. சட்டம் சொன்னதை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஃபாதரின் சட்டத்துக்கா அவர் என்னைக் கொடுத்தார்?

டீச்சரம்மா நான் எதிர்பார்க்காததைச் சொன்னார். இது ஆண்டவர் தந்த சிலுவை, இதைவிடப் பெரிய அடையாளம் உனக்கு என்ன வேண்டும், தைரியமாக வாக்குறுதி கொடு என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு எல்லாமே அடையாளம்தான். நான் எழுந்து வந்துவிட்டேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் என்று சொல்வார்கள். அவளுக்காவது அரசன் என்று ஒருவன் கண்ணுக்குத் தெரிந்திருப்பான். நான் எதைப் பார்த்துப் போனேன்? ஒரு மெழுகுவத்தியை, ஓர் அரை மணி நேரத்தை.

அந்த மாதமே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அழைப்பு இல்லை, இருந்ததும் இல்லை, என் நோட்டில் எழுதியது எல்லாம் பொய் என்று எழுதினேன். நோட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கி அடுப்பில் போட்டேன். வீட்டுக்கு வந்து, சபையை விட்டுவிட்டேன், உங்கள் தாளும் கிழிந்தது, இனி நான் யாருக்கும் கொடுத்த பொருள் இல்லை என்று சொன்னேன். பாயைக் கொண்டுவந்து உள்ளே போடுங்கள் என்று கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலில் விழுந்தேன். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். நான் அவர் காலைத் தொட்டுவிடக் கூடாது என்று.

“நீங்க உட்டுடலாங்க,” என்றார். “குடுத்தவன் நானு. நான் எப்டி திரும்ப வாங்குவேன்?”

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லி ஊரில் சொல்லிப்பார்த்தார்கள். மலையில் அது பெரிய விஷயம் இல்லை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காட்டு வேலைக்குப் போகிறார், வருகிறார், குடத்தை வாங்கிச் சுமக்கிறார், சாப்டீங்களா என்று கேட்கிறார். என் அம்மா போனில், கீழே வந்துவிடு என்கிறாள். எப்படி வருவது? அவர் வீட்டில் நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

பீடத்தின் முன்னால் நின்று வாக்குறுதி கொடுக்க நான் ஒன்றரை வருடம் பயிற்சி எடுத்தேன். அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. தன்னிடம் இருந்த ஒரே ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதைக் கண் முன்னால் வைத்துக்கொண்டே தொடாமல் இருக்கிறார். துறவு என்றால் இதுதான் என்றால், அது எனக்கு வேண்டாம் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன்.

நான் இப்போது செபிப்பதில்லை. ஆனால் ஆறு மணி ஆனால் டிவி நிற்கிறது. அவர் நாயை இழுத்துக்கொண்டு வெளியே போகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போட்டால், உஷ் என்று அடக்குகிற குரல் கேட்கும். மழை நாளில் கொட்டாய் ஓரமாக நனைந்துகொண்டே நிற்பார். அதனால் மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, புத்தகத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போய், நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதையும் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டால் அவரிடம் என்ன மிச்சம் இருக்கும்?

அரை மணி கழித்துக் கதவுக்கு வெளியே மெதுவாகக் கேட்பார்.

“முடிஞ்சிதுங்களா?”

“முடிஞ்சிது,” என்பேன். அவர் உள்ளே வந்து விளக்கைப் போடுவார்.